தலைவரின் தோள் குலுங்குமுன்

பெருமழை ஓய்ந்து, செம்மண் கலங்கிய பேராறு புரண்டோட, அதன் கரைக்குன்றின்மேல் நாட்டுத் தலைவரின் மாளிகை அந்தியொளியில் கனிந்த மாங்கனியென மின்னிய வேளையிலும், கீழ்த்தளத்துப் படக்கூடத்தில் மட்டும் இருள் முன்னரே குடியேறியிருந்தது. நாற்பது இருக்கைகள் கொண்ட அக்கூடத்தில் எழுதாச் சட்டம் ஒன்று உண்டு: தலைவரின் தோள் குலுங்கிய பின்னரே பிறர் சிரித்தல் வேண்டும். ஆதலின் அமைச்சரும் படைத்தலைவரும் திரையைவிட அத்தோளையே உற்று நோக்கியிருப்பர்.

பின்சுவர்ச் சிற்றறையில் படப்பொறிகள் இரண்டையும் இயக்கும் மொகெலே, புழுக்கம் தாளாது கூடத்தை நோக்கிய பலகணியைத் திறந்தான். அதன்கீழ்ப் பானத்தட்டு ஏந்தி நின்றான் பணியாளன் எலோங்கா.

“என்ன அண்ணே, வெந்துட்டீங்களா? வாழைக்காய் கொண்டாந்தா உள்ளயே சுட்டுத் தருவீங்க போல!”

“பேச்சை விட்டுட்டு ஒரு வாய் தண்ணி குடுடா.”

திரையில், பதக்கங்கள் பூண்ட பருத்த அரசன் ஒருவன் மிடுக்குடன் அரியணையில் அமரப்போய், அது பின்னே நகர்ந்துவிட, தரையில் விழுந்தான். மொகெலே தன்னை மறந்து வெடித்துச் சிரித்தான். வேறெவரும் சிரிக்கவில்லை. தலைவர் திரும்பினார்.

“யாருய்யா அது?”

காவலர் கண்கள் பலகணிக்கடியில் நின்ற எலோங்காமேல் விழுந்தன. அவன் ஒருகணம் மேலே பார்த்து, உடனே கண்களைத் தாழ்த்திக்கொண்டான். அந்நொடியில், சுருள் முடிவதை உணர்த்தும் புள்ளி திரையின் மேல்மூலையில் தோன்றவே, அடுத்த பொறியை இயக்குவதன்றி உலகில் வேறு கடன் இல்லாதவன்போல் மொகெலே குனிந்துகொண்டான். படம் இம்மியும் இடறவில்லை. அவன் நிமிர்ந்தபோது தட்டு மட்டும் தரையில் கிடந்தது.

மூன்றாம் நாள், மாளிகையின் பின்வாயிலில் எலோங்காவின் மனைவி பொலும்பு காத்திருந்தாள்.

“சிரிச்சது அவர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே. உங்க பேச்சை நம்புவாங்க.”

“இருட்டும்மா. எனக்கு எதுவும் தெரியல.”

“சிறைக்குக் களி கொண்டுபோனப்ப அவரும் அதைத்தான் சொன்னாரு. ‘மொகெலேயைத் தொந்தரவு பண்ணாதடி, பாவம், அவர் வேலையில இருந்தாரு’ன்னு.”

பழித்திருந்தால் தாங்கியிருப்பான், பொறுத்தருளியதைத் தாங்கும் வலிமை அவனுக்கில்லை. ஆயினும் அவன் திரும்பிப் படக்கூடத்துக்கே நடந்தான். அன்று மாலையும் படம் ஓடிற்று, தோள் குலுங்கிற்று, கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. அவனோ பலகணியை இறுகச் சாத்தி, வெம்மையினுள் வாய்பொத்தி அமர்ந்திருந்தான். அச்சத்தால் காத்துக்கொண்ட உயிரோடு அதன்பின் வாழ்வதே தண்டனையாகும் என்பதை, அவனையன்றி அங்கு அறிந்தார் எவருமிலர்.