கேட்க வந்து விழுங்கியது

பாக்கியமேரி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். இருபது வருஷமாகப் பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டியதில்தான் முழங்கால் தேய்ந்துவிட்டது என்பது அவள் கட்சி. வாரம் ஒருநாள் கடத்தூருக்கு பஸ் ஏறி, பிசியோதெரபிக்குப் போய்வந்தாள்.

அங்கே பயிற்சி தரும் யுவராணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "அமுக்குங்கம்மா, அஞ்சு எண்ணுங்க" என்று பொறுமையாகச் சொல்லித் தருவாள். ஆனால் கிளம்பும் நேரத்தில் மூலையிலிருந்த எடை மிஷினைப் பார்ப்பாள், பாக்கியமேரியைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள். பிறகு, "சரிங்கம்மா, அடுத்த வாரம் வாங்க" என்று முடித்துவிடுவாள்.

என்னவோ கேட்க வந்து விழுங்குகிறாள். என்ன அது? பஸ்ஸிலும் இதே யோசனை, சாம்பார் கிண்டும்போதும் இதே யோசனை. நாலாவது வாரம் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"என்னாங்க மேடம், வாய் வரைக்கும் வருது, நின்னு போவுது? ஆபரேஷனா?"

"ஐயோ, இல்லீங்கம்மா. உங்க வெயிட்டப் பத்திதான்."

"அதுக்கா இத்தினி தயக்கம்?"

"போன மாசம் ஒரு அக்கா கிட்ட கொறைங்கன்னு சொன்னேன். கால் வலின்னு வந்தா ஒடம்பக் கிண்டல் பண்றியான்னு அழுதுட்டாங்க. திரும்ப வரவே இல்ல."

பாக்கியமேரிக்கு அந்த அக்காவின் மேல் கோபம் வரவில்லை. முன்பு ஒரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெயிட்டக் கொறைம்மா" என்று சீட்டு எழுதித் தந்த அன்று அவளும் யாரோடும் பேசாமல்தான் படுத்துக்கொண்டாள்.

"அவரு சொல்லிட்டு உட்டுட்டாரு. எப்படின்னு சொல்லல. நீங்க வாராவாரம் பாக்கறவங்க, நீங்க கேக்கலாம். ஆனா முட்டிக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்னு மொதல்ல சொல்லுங்க."

யுவராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறையும் என்றாள்.

"நாலா!" பாக்கியமேரி தானாகவே போய் மிஷினில் ஏறினாள். எழுபத்தெட்டு.

என்ன சாப்பிடுகிறாள் என்று யுவராணி கேட்கக் கேட்க, அவளுக்கே தன் நாள் புதிதாகத் தெரிந்தது. காலையில் வெறும் டீ. பிள்ளைகளுக்குப் போட்டு முடித்து, பாத்திரம் கழுவி, மூன்று மணிக்கு மிஞ்சிய சோறு முழுவதும். கொட்ட மனசு வராது.

"சோத்த நிறுத்தச் சொல்லலம்மா. காலைல ரெண்டு இட்லி, ஒரு முட்டை சாப்ட்டுப் பாருங்க. மூணு மணிப் பசி என்னாகுதுன்னு வந்து சொல்லுங்க."

மூன்று மணிப் பசி கொஞ்சம் அடங்கியது, ஆனால் இரண்டு வாரம் எடை மிஷினின் முள் நகரவில்லை. திட்டு விழும் என்று நினைத்தாள். "எது கஷ்டமா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள் யுவராணி. டீயைத்தான் விடமுடியவில்லை என்றாள் பாக்கியமேரி. நாளைக்கு ஐந்து டீ, எல்லாவற்றிலும் கரண்டி நிறைய சர்க்கரை. இரண்டாகக் குறைத்தாள். துண்டை அமுக்கும் பயிற்சியையும் விடவில்லை.

நாலு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது.

கம்பைநல்லூரில் மகள் பிளசியின் வாடகை வீடு மாடியில் இருந்தது. எப்போது போனாலும் பாக்கியமேரி கீழேயே நிற்பாள். மகள் இறங்கிவந்து பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து போனவள், கைப்பிடியைப் பிடித்து, நடுவில் ஒருமுறை நின்று, ஏறிவிட்டாள். வலி இருந்தது, தாங்குகிற வலி.

"எம்மா! எப்படி ஏறுன?" என்று ஓடிவந்தாள் பிளசி.

"இரு, வூட்டப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பாக்கியமேரி ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.