ஹெக்ஸ்பரி ரோடுக்கு ஒன்பது நாற்பது

எங்கள் ஊர் ஹெக்ஸ்பரிக்குள் ரயில் வராது. இரண்டரை மைல் தள்ளி டர்னிப் கிழங்கு வயல்களுக்கு நடுவே நின்றுகொண்டு, வேண்டுமானால் நீ வா என்று சொல்லும். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் ஹெக்ஸ்பரி ரோடு. ரயில்காரர்கள் ஓர் ஊர்ப் பெயரோடு ரோடு என்று சேர்த்தால், அங்கே ரோடு மட்டும்தான் இருக்கும், ஊர் இருக்காது. அந்தக் காலத்தில் தண்டவாளம் போட வந்தவர்களை எங்கள் பெரிய மனிதர்கள், புகை பட்டால் பசு கறக்காது, தேவாலயத்துக் கண்ணாடி கறுத்துவிடும் என்று விரட்டியடித்தார்களாம். பக்கத்து ஊர் ஸ்டாக்லிக்காரர்கள் இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அங்கே எட்டு பிளாட்பாரம். எங்களிடம் பழைய கோர்ட் இருக்கிறது, பழைய ஜெயில் இருக்கிறது, கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைநகர் என்ற பட்டம் இருக்கிறது. வைத்து நாக்கு வழிக்கலாம்.

ஊரையும் ஸ்டேஷனையும் சேர்ப்பது ஏழாம் நம்பர் பஸ். அதைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவள் நான், ஹில்டா டன்னிங்.

அந்த செப்டம்பரில் பஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அடுத்தடுத்து இரண்டு வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது வண்டியில் ஆள் எண்ணுவார்களாம். இரண்டு நாளும் இருபது பேருக்குக் குறையாமல் ஏறினால் ஏழாம் நம்பர் ஓடும். ஒரு நாள் குறைந்தாலும் மாதக் கடைசியோடு சரி. என்னை ஸ்டாக்லிக்கு மாற்றி, ஏதாவது ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வருகிற வண்டியில் போட்டுவிடுவார்கள். சமையலறையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். எந்த வளைவில் முயல் குறுக்கே பாயும், எந்த மேட்டில் தேவாலயக் கோபுரம் முதலில் தலைகாட்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

ஊர் சும்மா இருந்ததா என்றால், இல்லை. பஸ்ஸைக் காப்பாற்றச் சொல்லி ஆயிரத்து நானூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் காரில் வந்து போட்டுவிட்டுக் காரில் போனார்கள். அன்று ஒன்பது நாற்பது வண்டியில் மொத்தம் நாலு பேர். கையெழுத்துப் போடாத ஒரே பெரிய மனிதர் டெஸ்மண்ட் ரூக். ஓய்வு பெற்ற வக்கீல். ஊர்ப் பத்திரிகையில் அவர் எழுதினால் ஊரே தலையாட்டும். 'காலி ரோட்டில் ஒரு காலி பஸ்' என்று அரைப் பக்கம் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

முதல் வியாழன் ராஜா பன் நாளாக வந்து வாய்த்தது. எந்தக் காலத்திலோ ஒரு ராஜா, எந்த ராஜா என்று கேட்டால் இங்கே கைகலப்பே நடக்கும், ஊருக்குச் சாசனம் கொடுத்தார். அதன் நினைவாக வருடம் ஒரு நாள் மேயர் கையால் நூறு பேருக்குத் திராட்சை பன். அதை வெள்ளைத் துணியில்தான் வாங்க வேண்டும். கடித்தால் பல் போகும். ஆனாலும் வாங்காமல் விட்டால் மானம் போய்விடும். அன்றைக்கு எவன் ஸ்டேஷனுக்குப் போவான்? என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பன் வரிசை வழக்கமாக நிற்கிற இடம் சந்தைத் திடலில், நகர மண்டபத்து வாசல்; அங்கே சாரம் கட்டியிருந்ததால் இந்த வருடம் பன் வரிசை பின்பக்கச் சந்தில் என்று நூலகத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நோட்டீஸ் படிக்கிறவன் வெளியூர்க்காரன் என்பது எங்கள் ஊர் நினைப்பு. ஒரு வரிசையைப் பார்த்து 'இது எதுக்குங்க' என்று கேட்பதும் அப்படித்தான். பேசாமல் கடைசியில் போய் நின்று, குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை முனக வேண்டும். அதற்கு மேல் பேசினால் அநாகரிகம்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு வண்டியைச் சந்தைத் திடலுக்குள் திருப்பினேன். என் பஸ் ஸ்டாப்பிலிருந்து தேன் கடை வரை வரிசை வளைந்து நின்றது. முதலில் நின்றது தெல்மா ஃபிளட். வாரம் தவறாமல் தங்கை வீட்டுக்குப் போகிறவள். அவள் பின்னால் டெஸ்மண்ட் ரூக். அவருக்குப் பின்னால் கசாப்புக் கடை மேவிஸ், பல் டாக்டர், தேவாலயத்தில் மணியடிக்கிறவர்கள் என்று ஊரில் பாதி. ஓரமாக, ஆள் எண்ண வந்த ஸ்பூனர் என்ற பஸ் ஆபீஸ் பையன் அட்டையும் பேனாவுமாக வாயைப் பிளந்து நின்றான். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சே நிறைந்துவிட்டது. அப்புறம்தான் ரூக்கின் கோட்டுப் பையைப் பார்த்தேன். மடித்த வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தது. மேவிஸ் கையிலும் துணி. எல்லார் கையிலும் துணி.

தெல்மா பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். அவளைப் பார்த்து ரூக் நின்றிருக்கிறார். ரூக் நிற்கிறார் என்றால் ஊர் நிற்காதா?

வாயை மூடிக்கொண்டு இரு ஹில்டா, என்றது மனசு. ஆனால் இத்தனை பேரை ஏமாற்றி டர்னிப் வயலில் இறக்கிவிட்டு, மறுநாள் எந்த மூஞ்சியோடு இந்த ஊரில் வண்டி ஓட்டுவது? கதவைத் திறந்தேன். எழுந்து நின்று உரக்கச் சொன்னேன்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க. இது ஏழாம் நம்பர். ஸ்டேஷனுக்குப் போகுது. ஸ்டேஷனுக்கு மட்டுந்தான் போகுது."

தெல்மா பாட்டுக்கு ஏறி உட்கார்ந்தாள். ரூக் என்னைப் பார்த்தார். நகர மண்டபத்தைப் பார்த்தார். திரும்பித் தன் பின்னால் நின்ற ஊரைப் பார்த்தார். அரை மணி நேரம் தப்பான வரிசையில் நின்றேன் என்று இத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்வதா? அவர் காது மடல் சிவந்தது.

"தெரியும்மா," என்றார். "பின்ன எதுக்கு இங்க நிக்கிறோம்?"

"எங்க போறீங்க மிஸ்டர் ரூக்?"

"ஸ்டாக்லிக்கு."

முப்பது வருடமாக ஸ்டாக்லி மண்ணை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்த மனுஷன். சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் ஏறிய பிறகு மற்றவர்கள் எப்படி விலகுவது? மேவிஸ் துணியை அவசரமாகக் கைப்பைக்குள் திணித்தாள். "எனக்கும் ஸ்டாக்லிதான் ஹில்டா. ரொம்ப நாளா போகணும்னு இருந்தேன்." பல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டாமலே ஏறினார். ஸ்பூனர் நாற்பத்து மூன்று என்று எழுதினான்.

வண்டி கிளம்பியது. எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, என்னவோ தினமும் போகிற மாதிரி வந்தார்கள். பாலம் தாண்டியதும் பல் டாக்டர் மெல்லக் கேட்டார்.

"மேவிஸ், நெசமாவே ஸ்டாக்லிக்கா?"

"ஏன், நீங்க எங்க போறீங்களாம்?"

"நீங்க எங்க போறீங்களோ அங்கதான்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அது சீட்டு சீட்டாகத் தாவி முன்னால் வந்தது. ரூக் மட்டும் முறைப்பாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன். அவர் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. மேட்டில் ஏறியதும் மணியடிக்கிறவர்களில் ஒருவர் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்து, "இங்கேருந்து பாத்தா நம்ம கோபுரம் இவ்வளவு அழகா இருக்குமா," என்றார். அவர் காரில் இந்த வழியாக ஆயிரம் தடவை போயிருப்பார், பாவம், ரோட்டைத்தான் பார்த்திருப்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்டேஷனில் இறங்கினால் ரயில் வரக் கால் மணி. பேசாமல் பிளாட்பாரத்தில் வரிசையாக நின்றார்கள். அப்போது, யார் போய்ச் சொன்னார்களோ, ஒரு ரொட்டி வேன் சீறிக்கொண்டு வந்து நின்றது. அதிலிருந்து மேயரம்மா, சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியுமாக, இறங்கினார். பின்னால் சலவைக் கூடையில் பன்.

"ஏங்க, நூறு பன்னை வச்சிட்டு சந்துல ஒண்டியா நிக்கிறேன். நீங்கல்லாம் இங்க என்னதான் பண்றீங்க?"

ஆளாளுக்கு ரூக்கைப் பார்த்தார்கள். கடைசியில் ரூக் தொண்டையைக் கனைத்தார்.

"ரயிலுக்கு நிக்கிறோம்மா."

"அப்ப பன் வேண்டாமா?"

"போற வழியில குடுத்தா, வேண்டாம்னு சொல்றது மரியாதை இல்ல."

தெல்மாவைத் தவிர மற்ற எல்லார் வெள்ளைத் துணியும் வெளியே வந்தது. மேயரம்மா ஒவ்வொரு கையாகப் பன் வைத்துக்கொண்டே வர, ரயில் வந்து நின்றது. ஜன்னலெல்லாம் முகம். ரூக் பன்னைத் துணியில் முடிந்துகொண்டு விறைப்பாக ரயிலேறினார். பதினொரு பேர் அவர் பின்னால் ஏறினார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே என்னோடு திரும்பினார்கள்.

ஸ்பூனர் மட்டும் சிரிக்கவில்லை. "வழக்கமா நாலு பேர்தானே மேடம்? இன்னைக்கு என்ன விசேஷம்?"

"அவங்களையே கேளுப்பா."

"கேட்டேன். எல்லாரும் ஸ்டாக்லிக்கு வேலையா போறதாதான் சொல்றாங்க." அட்டையை மூடினான். "அடுத்த வியாழன் தெரிஞ்சிடும்."

அந்தப் பையனிடம் கோபப்பட என்ன இருக்கிறது? எனக்கே தெரியுமே. அடுத்த வியாழன் பன் கிடையாது.

அந்த வியாழன் விடியும்போதே மழை. டிப்போவிலிருந்து வருகிற வழியெல்லாம் வைப்பரோடு சேர்ந்து நானும் எண்ணினேன். தெல்மா ஒன்று. செவிலிப் பெண் இரண்டு. ரயில்வே கிளார்க் மூன்று. பக்கத்துத் தெரு நாய்க்காரர் வந்தால் நாலு. சந்தைத் திடல் முனையில் ஒரு கணம் வண்டியை நிறுத்தினேன், திருப்ப மனசு வரவில்லை.

திருப்பினேன். ஸ்டாப்பில் குடைகள். தேன் கடை வரை குடைகள்.

தெல்மா ஏறினாள். அடுத்து மேவிஸ், யாரும் கேட்காமலே, "போன வாரம் வாங்கின செருப்பு கடிக்குது, மாத்தணும்," என்றாள். பல் டாக்டர் ஸ்டாக்லி மீன் கடையில் குடையை மறந்துவிட்டாராம், இன்னொரு குடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். போன வாரம் வேண்டுமென்றேதான் ஏறினோம் என்று காட்டிக்கொள்ள இந்த வாரமும் ஏற வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. சரி, சிலருக்கு அப்படி. ஆனால் போன வாரம் பாதியில் திரும்பி வந்தவர்களும் நின்றார்கள். போன வாரம் வராதவர்களும் நின்றார்கள். அவர்களுக்கு என்ன வந்தது?

கடைசியாக டெஸ்மண்ட் ரூக் ஏறினார். குடையைப் படிக்கு வெளியே உதறினார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த பஸ்ஸில் ஏறிய மனுஷன், ஸ்பூனர் காதில் விழுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"வழக்கம்போலதான், ஹில்டா."

அப்புறம் ஸ்பூனர் பக்கம் திரும்பி, "இருபத்தேழு தம்பி. எழுதிக்க," என்றார்.

நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டால் அநாகரிகம் அல்லவா? ஏறியவர்கள் உட்காராமல் சீட்டுகளுக்கு நடுவே வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராக என் முன்னாலிருந்த மெஷினில் டிக்கெட்டைத் தாங்களே கிழித்துக்கொண்டு, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை முனகிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஏழாம் நம்பர் அன்று நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.