டோரதி அக்காவின் இடம்

கோபம் வந்தால் வெரோனிகா வாயை மூடிக்கொள்வாள், இரண்டு நாளில் தானாக அடங்கிவிடுவாள் என்பது ராஜநாயகத்தின் கணக்கு. இத்தனை வருஷம் குடித்தனம் செய்து அந்த மனுஷன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அந்தக் கணக்கை நம்பித்தான் அன்று விடியற்காலையில் சாந்தோம் கரையிலிருந்து அவளைத் தோணியில் ஏற்றினார்.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஈஸ்டர் கழிந்த வாரம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ரயிலில் ஜன்னல் வழியாக ஆள் ஏறினார்கள். பழவேற்காட்டுக்கு அரிசி கொண்டுபோகும் தோணிக்காரர் வில்லியம், மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேருக்குத்தான் இடம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்றாவது இடம் வெரோனிகாவின் அக்கா டோரதிக்கு. தாயில்லாத வெரோனிகாவை வளர்த்து ஆளாக்கியவள். இப்போது இடுப்பெலும்பு முறிந்து, கோல் ஊன்றிக்கொண்டு ராயப்பேட்டையில் தனியாக இருந்தாள். அவளை அழைத்துவரப் போன ராஜநாயகம் தனியாகத் திரும்பி வந்து, "அக்கா வர மாட்டேன்னுட்டாங்க. சாவு வந்தா இங்கயே வரட்டும்ங்கறாங்க" என்றார். வெரோனிகா அழுதுகொண்டேதான் தோணி ஏறினாள்.

தோணி கரையோரமாகவே வடக்கே ஓடியது. துறைமுகம் தாண்டியதும் அலை எழும்பி உள்ளே அடித்தது. ராஜநாயகம் சட்டென்று கோட்டைக் கழற்றி, பாத்திரம் என்று சொல்லி ஏற்றி, பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்த பெரிய பெட்டியின்மேல் போர்த்தினார். தலையோடு நனைந்து உட்கார்ந்திருந்த பெண்டாட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்திரத்துக்கு எதுக்கு கோட்டு?"

"பாத்திரமில்ல, வெரோனிகா. கெபி மாதா சுரூபம். மாதா சபைத் தலைவர்னு இருந்துட்டு நான் விட்டுட்டு வர முடியுமா? கண்ணாடிக் கண்ணு, பிரெஞ்சு தேசத்து வேலைப்பாடு."

அவர் குரலில் பெருமை வழிந்தது. அவர்கள் தெருவில் குகைபோலக் கட்டிய கெபியில் நின்ற மாதா சிலை அது. அந்தப் பெட்டி பிடித்திருந்த இடம் சரியாக ஒரு ஆள் உட்காரும் இடம். வெரோனிகா சுக்கான் பிடித்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வில்லியம், எங்க அக்கா வர மாட்டேன்னா சொன்னாங்க?"

"யாரு சொன்னது? நானும்தானே சார் கூட ரிக்ஷாவுல போனேன். ட்ரங்குப் பெட்டியோட வாசல்லயே குந்திகினு இருந்துச்சும்மா. அடுத்த நடைக்கு இட்டுகினு போறேன், அதுவரைக்கும் மாதா தொணையிருப்பான்னாரு சாரு. அது தலையாட்டிச்சு."

"அடுத்த நடைக்கு உன்கிட்ட பேசியிருக்காரா?"

வில்லியம் ராஜநாயகத்தைப் பார்த்தார். "என்கிட்ட ஒண்ணும் சொல்லலியேம்மா."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். இந்தப் புண்ணியவான் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இடித்திருந்தார். மாதா துணையிருப்பாள் என்று நொண்டிப் பெண்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அந்த மாதாவையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"தோணியத் திருப்பு" என்றாள் வெரோனிகா.

"காத்து முதுவுல கீதும்மா. இப்ப எதுத்துப் போவ முடியாது. காலைல தரைக்காத்து பாத்து, மறுபடியும் அரிசி ஏத்தத் திரும்புவேன்."

"நான் ஊருக்காகத்தான செஞ்சேன்" என்று தொடங்கினார் ராஜநாயகம். "நாளைக்கு சனங்க கேட்டா…"

"பேசாதீங்க. ஒரு வார்த்தை பேசினாலும் இந்தப் பெட்டி கடல்லதான்."

வில்லியம் சிலுவை போட்டுக்கொண்டார். ராஜநாயகம் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றியெரிந்தது. அக்காவை இப்படிக் கட்டிப்பிடித்துத் தூக்கி ரிக்ஷாவில் வைத்திருந்தால் என்ன கேடு?

சாயங்காலம் முகத்துவாரத்தைத் தாண்டிப் பழவேற்காட்டுத் துறையில் தோணி ஒதுங்கியது. பெட்டியைத் திறந்ததும் செய்தி பரவிவிட்டது. சனங்கள் மெழுகுவர்த்தியும் பூவுமாக ஓடி வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாட்டுப் பாடிக்கொண்டே மாதாவைத் தோளில் வாங்கினார்கள். ஒரு கிழவர் ராஜநாயகத்தின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சபைத் தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தோடுதான் திரும்பினார்.

"எறங்கு வெரோனிகா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் காலைல வில்லியமோட திரும்பிப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? குண்டு விழப்போற ஊருக்கா?"

"எங்க அக்கா அங்கதான் வாசல்ல உக்காந்திருக்கா."

பாட்டு நின்றுபோயிற்று. மாதாவைத் தூக்கியிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜநாயகம் குரலைத் தாழ்த்திக்கொண்டு தோணி விளிம்பைப் பிடித்தார்.

"சரி, சரி. நானும் வர்றேன். சேர்ந்தே போய்க் கூட்டிட்டு வரலாம்."

வெரோனிகா அவர் விரல்களை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"வேணாம். உங்க எடத்துல அக்கா வருவா."