தொடாதே என்று ஒரு விளக்கு

பல்லாவரம் மலைக்குப் பின்னால் கல் உடைக்கிறவர்களின் குடிசைகள். கீழே மின்சார ரயில் ஓடும், தலைக்கு மேல் விமானம் இறங்கும். குடிசைக்கு மட்டும் கரண்ட் கிடையாது. புறம்போக்காம். தொண்ணூற்று மூன்றில் சர்க்கார் ஆபீஸ்காரர்கள் சூரிய விளக்கு ஒன்றை நட்டு, அதற்கு மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வெளிச்சத்தில்தான் கங்கம்மா, கல் உடைத்துக் காய்த்த கையோடு, எழுத்துக் கூட்டப் பழகினாள். அவள் தானாகப் படித்த முதல் வார்த்தை விளக்குக் கம்பத்திலேயே சிவப்பு பெயிண்டில் இருந்தது: தொடாதே. படித்த சந்தோஷம் உடனே சுண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து காதால் கேட்ட வார்த்தைதான் அது.

ஆனாலும் சனம் கேட்டு நடந்தது. கம்பத்தில் சாய்ந்த பிள்ளைக்கு அடி விழுந்தது. மழையில்லாத கோடையில் கல் அரைக்கும் கிரஷரின் புழுதி, மேலே வெயில் வாங்கும் கண்ணாடித் தகட்டில் மாவு அப்பினாற்போல் படிந்தது. யாரும் தொடவில்லை. விளக்கு மங்கி, அணைந்தே போனது. அந்த இருட்டில்தான் வேலை முடிந்து வந்த அவள் புருஷன் குப்பன் கல்குழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான்.

இன்று அதே ஆபீசிலிருந்து சுப்ரமணியன் ஏணியும் ஆட்களுமாக வந்தார், விளக்கைக் கழற்ற.

"கண்ணாடிய ஒரு தடவகூட தொடைக்கல. பேட்டரில தண்ணி வத்திக் கெடக்கு. மெயின்டெனன்ஸ் தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா சோலார்? வேற எடத்துக்குப் போகுது இது."

கங்கம்மா கம்பத்தை மறித்து நின்றாள். "யார் சார் தொடைக்கச் சொன்னாங்கோ? இன்னா எழுதி வெச்சிக்கீறீங்க, நீங்களே படிங்க."

"அது திருடனுக்கு எழுதினது."

"திருடன் படிச்சிகினா வருவான்? படிச்சது நாங்கோ! உன் ஒரு வார்த்தையால என் வூட்டுக்காரன் இடுப்பொடிஞ்சி கெடக்கறான்யா!"

பக்கத்து வீட்டுச் செல்வமேரி சேர்ந்துகொண்டாள். "பேட்டரிப் பொட்டி சாவி இந்த சார் இடுப்புலதான் தொங்குது அக்கா. தண்ணிய பூட்டு மேலயா ஊத்தறது?"

ஆட்களே சிரித்துவிட்டார்கள். கங்கம்மா யாரையும் கேட்காமல் குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். அழுத்தித் தேய்த்தாள். புழுதி வழிந்து, கண்ணாடியில் வானம் தெரிந்தது. இறங்கி வந்து கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க. இன்னா தண்ணி, எப்டி ஊத்தணும், காட்டுங்க. தப்பா ஊத்திட்டா அதுக்கும் எங்களத்தான் திட்டுவீங்க."

சுப்ரமணியன் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். "கெணத்துத் தண்ணி கூடாதும்மா. காய்ச்சி வடிச்ச தண்ணிதான். பேட்டரிக் கடையில தனியா விக்கும்" என்றார், குரல் இறங்கி.

கங்கம்மா ஒரு கருங்கல்லை எடுத்து அந்தச் சிவப்பு எழுத்தைச் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

"வெளக்க நட்டா மட்டும் போதாது சார். நட்டவன் பூடுவான், நாங்கதான் இங்க கீறோம். எங்க கையில சாவியக் குடுத்து வேலையக் கத்துக் குடுத்தாதான் அது எரியும். தொடக்கூடாதுன்னு வெச்ச எதுவும் நெலைக்காது."