சொர்க்க ரதத்தின் பேட்டரி

"இன்னொரு தள்ளு!" கொழுந்தன் குணசேகரனின் குரல் தெருவிலிருந்து கேட்டது.

கணவரின் உடலுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சொர்ணவல்லி காதைக் கொடுத்தாள். அவருடைய ஆம்னி வேன் ஒருமுறை உதறி அடங்கியது. சொர்க்க ரதத்துக்கு வழிவிட அதை வாசலிலிருந்து தள்ளிப் போனவர்கள், அப்படியே ஸ்டார்ட் செய்தும் பார்த்தார்கள்.

"நல்லா ஓடுன வண்டி. அண்ணன் கார்புரேட்டரப் புடுங்கிட்டு கம்ப்யூட்டர மாட்டுனாரு. இப்பத் தள்ளுனாலும் வரமாட்டேங்குது."

"ஒங்கண்ணன் எதத்தான் சும்மா விட்டாரு? ஓடுற கிரைண்டரையே பிரிச்சவராச்சே" என்றான் பக்கத்து வீட்டு சார்லஸ். யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

"காரியம் முடியட்டும். எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழசையே மாட்டிருவோம்" என்றான் குணசேகரன்.

அவள் கணவர் ஆத்மநாதன் நேற்றுக் காலை கடைசி வயரை மாட்டினார். "காப்பி குடிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்" என்று உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தவர்தான்.

அவர் வேலை பார்க்கையில் டார்ச் பிடித்தது அவள். "எம்புட்டு பெட்ரோல் ஊத்தணும்னு அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லுவா?" என்று ஒருநாள் கேட்டாள். "உள்ள போற காத்து சொல்லும். இன்ஜின் சூடு சொல்லும்" என்றார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

விடிந்ததிலிருந்து அழுகைக்கு நடுவே ஒரே கேள்வி. ஓடுமா? இந்த நேரத்தில் இப்படித் தோன்றுவது அவளுக்கே கூச்சமாக இருந்தது. அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். கொஞ்ச நேரத்துக்கு.

எழுந்தாள்.

"எங்கிட்டு எந்திரிக்கிற? ஒக்காரு ஆத்தா" என்று பக்கத்திலிருந்த மூக்காயி கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

"பேட்டரியில சார்ஜ் இல்ல தம்பி. ராத்திரி கரண்டு போனப்ப லைட்டுக்கு அதத்தான குடுத்தீங்க? தள்ளுனா வராது. பெட்ரோல் ஏத்துற மோட்டாருக்கே கரண்டு வேணும்."

தெருவில் வேறு வண்டி இல்லை. மாலை சுற்றிய ரதத்தைப் பார்த்தாள். ஓட்டுநர் தயங்கினார்.

"இது பொணம் ஏத்துற வண்டிங்க."

"கரண்டு ஒண்ணுதானங்க."

ஓட்டுநர் ரதத்தை ஆம்னியருகே கொண்டுவந்தார். சார்லஸ் வயர் கொண்டுவந்து இரண்டு பேட்டரிகளையும் இணைத்தான். அவள் ஆம்னியில் ஏறி உட்கார்ந்து, கியரை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். பின்னால் ஏதோ முனகியது. உடனே நின்றது.

"செத்துப்..." குணசேகரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இல்ல தம்பி. பெட்ரோல் ஏறிருச்சு. அதான் மோட்டாரு தானா நிறுத்திக்கிருச்சு."

மறுபடி திருப்பினாள். இழுத்தது, பற்றவில்லை. வீட்டுக்குள் ஒப்பாரி நின்றிருந்தது. இன்னொரு முறை திருப்பியபோது சீட்டுக்கு அடியில் இன்ஜின் பற்றிக்கொண்டது. இரைச்சல் ஏறியது.

"ஆக்ஸிலேட்டர மிதிச்சுக்கிட்டே இருங்க மதினி, விட்றாதீங்க!"

ஓடிவந்த குணசேகரன் குனிந்து பார்த்தான். அவள் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தாள். இன்ஜின் சூடேற ஏற, இரைச்சல் தானாகவே, கொஞ்சம் கொஞ்சமாக, இறங்கிக்கொண்டிருந்தது.