குவாபெனா விட்டுப்போன இருமல்

கானாவில் செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்குக் குவாபெனா என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரில் பேர்பெற்றவர்கள் எல்லோரும் கடற்கரைச் சாலையில் ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கால்பந்துக்காரர், குத்துச்சண்டைக்காரர், பேராசிரியர், அமைச்சர், பாடகர். வேறெங்கே உட்காருவார்கள்?

அதில் பாடகர் போய்விட்டார். புழுக்கமாக இருக்கிறதென்று ஜன்னலைத் திறக்க எழுந்தவர், ஜன்னலாகவே நின்றுவிட்டார். காற்று நன்றாக வருகிறதாம். நாற்காலி காலி.

அந்த நாற்காலிக்குத்தான் எங்கள் தெரு அஜோவாவின் புருஷனைக் கேட்டு ஆள் வந்தது.

அவள் புருஷனுக்கும் பெயர் குவாபெனா. மீன் சந்தைக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். அவர் கைபட்ட ஃப்ரிட்ஜ் குளிரும், கூடவே முனகும். முனகாத ஃப்ரிட்ஜை நம்பக்கூடாது என்பார். இதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றும் கிடையாது. எங்கள் தெருவுக்கே சொல்ல ஒன்றும் இல்லையென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்தவர் தங்கப்பூண் போட்ட கோல் ஒன்றை வைத்திருந்தார். பெரிய மனிதர்கள் யாரிடமும் நேரே பேசுவதில்லை. அவர்கள் சொல்வதை இந்தக் கோல்காரர் நமக்குச் சொல்வார். நாம் சொல்வதை அவர்களுக்குச் சொல்வார். நடுவில் இரண்டடி தூரம்தான் இருந்தாலும் அப்படித்தான்.

அஜோவா முதலில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை வந்த காரியத்தைக் கேட்கக்கூடாது. அவர் நிதானமாகக் குடித்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி டெடே உப்புக் கடன் கேட்டு உள்ளே வந்து, உப்பை மறந்து, சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"நாற்காலி காலி," என்றார் கோல்காரர். "உங்க வீட்டுக்காரர் வரணும்."

"அவர் என்ன செஞ்சார்?"

"பேர் வெச்சிருக்காரே."

"தெருவுல பாதிப் பேருக்கு அந்தப் பேர்தானே, ஐயா."

"அதனாலதான்மா. யாராவது ஒருத்தர் வரணும்ல."

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? குவாபெனா பெட்ரோல் போட்டுக் கையைக் கழுவினார். கல்யாணத்துக்குக் கட்டிய துணியைத் தோளில் சுற்றிக்கொண்டார். கண்ணாடி பார்த்தார். வழக்கமாகப் பார்க்கிறவர் இல்லை.

ஒரு நிபந்தனை இருந்தது. பெயருக்கு வேண்டியது மட்டும்தான் அந்த வீட்டுக்குள் போகலாம். மிச்சத்தை இங்கேயே விட்டுவிட வேண்டும். கோல்காரர் வாசலில் அவர் முதுகில் கோலால் ஒரு தட்டு தட்டினார். வேண்டாதது எல்லாம் உதிர்ந்தது. கோபம் தெருவோடு போயிற்று, அதற்காக யாரும் அழவில்லை. பழைய கதையையே திரும்பச் சொல்லும் பழக்கம் ஆன்ட்டி டெடேயைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் தயங்கியது. இருமல் மட்டும் எங்கும் போகவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

இதில் அஜோவா தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது, அவளுக்கும் தெரியும். பிறந்த குழந்தை எட்டாம் நாள்வரை வீட்டுக்கு விருந்தாளி. பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் வந்த வழியே போய்விடும். எட்டாம் நாள் அதன் நாக்கில் தண்ணீர் தொட்டுவைத்துப் பெயர் சொன்ன பிறகுதான் அது இங்குள்ள ஆள். நாற்காலிக்கும் அதே கணக்கு. அடுத்த செவ்வாய் அவர் நாக்கில் தண்ணீர் வைப்பார்கள். குவாபெனா என்ற பெயருக்குப் பக்கத்தில் அவர் யாரென்று ஒரே ஒரு சொல் சொல்வார்கள். அப்புறம் அவர் அந்தச் சொல்தான். அதுவரை விருந்தாளி. கூப்பிட்டால் வரலாம்.

முதல் இரண்டு நாள் அஜோவா கூப்பிடும் எண்ணத்தில் இல்லை. புதன்கிழமை ஜெபத்துக்குச் சர்ச்சில் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தக்காளிக்காரியிடம் பேரம் பேசவில்லை. பேர்பெற்றவரின் மனைவி பேரம் பேசலாமா கூடாதா என்று தெரு ஒருநாள் முழுக்கப் பேசி, கூடாது என்று முடிவு செய்தது. தக்காளிக்காரிதான் அதை முதலில் சொன்னது.

பிறகு இருமல் அவளைப் பிடித்துக்கொண்டது.

அவளுக்கு இருமல் வரவில்லை. அவர் இருமல்தான் கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் கிடந்து இருமியது. முதலில் ஒரு செருமல். பிறகு யாரோ கதவு தட்டுவதுபோல. கடைசியில் எதையோ சொல்ல வந்து மறந்துபோனதுபோல ஒன்று. அவள் பழக்கத்தில் எழுந்து தண்ணீர் கொண்டுவருவாள். குடிக்க வாய் இருக்காது. சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நாளாக நாளாக அது மெலிந்தது. கதவு தட்டும் பகுதி முதலில் போயிற்று. திங்கட்கிழமை காதை வைத்தால்தான் கேட்டது. அஜோவா இஞ்சி இடித்துக் காய்ச்சி அறையில் வைத்தாள். ஆன்ட்டி டெடேக்குப் பொறுக்கவில்லை.

"ஆளே அங்க ராஜா மாதிரி உக்காந்திருக்கான். இருமலுக்கு என்னடி வைத்தியம்?"

"அங்க இருக்கிறது பேரு ஆன்ட்டி. இவர் இதுலதான் இருக்கார்."

ஆன்ட்டி டெடே கொஞ்சநேரம் காதை வைத்துக் கேட்டாள். அவன்தான் என்று ஒப்புக்கொண்டாள். அவள் எதையும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அஜோவா இருமலை ஒரு அலுமினியப் பாத்திரத்தில் அடைத்து மூடியைப் போட்டுக் கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு, அன்றைக்கு யாரும் வலை போடுவதில்லை. படகுகள் எல்லாம் மணலில் கிடந்தன. கடலும் பேசாமல் இருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீடு ஒரு தையல்கடை அளவுதான். உள்ளே நடை நீண்டுகொண்டே போனது. அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நீண்டது. வழியில் ஒரு காவல்காரர் நின்றார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"யாரைப் பாக்கணும்?"

"என் புருஷனை."

"அப்ப தூரம்தான்," என்றார் அவர்.

அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். எழுந்தபோது கூடத்தில் இருந்தாள்.

எல்லோரும் ஒரே மாதிரித் துணி போர்த்தியிருந்தார்கள். அவள் புருஷன் கடைசி நாற்காலிக்கு முந்தியதில் இருந்தார். கை நீட்டினால் தொடலாம். முகம் துடைத்துவைத்த தட்டுபோல இருந்தது. அவருக்கு இடப்பக்கம் அமைச்சர்.

அவள் கோல்காரரிடம் சொன்னாள், வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று. கோல்காரர் திரும்பி அதையே இன்னும் நல்ல மொழியில் சொன்னார். அவள் புருஷன் வாய் திறக்கவில்லை. யோசித்துச் சொல்கிறாராம் என்றார் கோல்காரர்.

அங்கே வேறு சிக்கல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு என்ன சொல் வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. குத்துச்சண்டைக்காரர் 'குளிர்' என்று வைக்கலாம் என்றாராம். அது ஆளுக்கு வைக்கும் சொல்லா என்று பேராசிரியர் கேட்டாராம். ஜன்னல் படபடத்தது. அதையும் கோல்காரர் மொழிபெயர்த்தார், பாடகர் தம் சொல்லைத் தரமாட்டாராம்.

அதற்குள் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். கோல்காரர் விரலை நனைத்தார்.

அஜோவாவுக்குப் பதறியது. பாத்திரம் அவள் இடக்கையில் இருந்தது. மூடியை வலக்கையால் திறந்து பாத்திரத்தை அவர் பக்கம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் கூடமே தன் இடக்கையைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. பெரியவர்கள் முன்னால் இடக்கையை நீட்டுவதா? பெற்றவள் வளர்த்த லட்சணம் என்ன என்று கேட்கமாட்டார்களா? அந்த நேரத்தில் எந்த ஊர்ப் பெண்ணும் கவலைப்படாத அந்த விஷயத்துக்கு எங்கள் ஊர்ப் பெண் கவலைப்பட்டாள். சட்டென்று கை மாற்றினாள். மாற்றியதில் பாத்திரத்தின் வாய் பக்கவாட்டில் திரும்பியது.

இருமல் வெளியே வந்தது. எதிரே இருந்தவருக்குள் போயிற்று.

அமைச்சர் இருமினார்.

முதலில் ஒரு செருமல். பிறகு கதவு தட்டுவதுபோல. கடைசியில் எதையோ சொல்ல வந்து மறந்துபோனதுபோல. ஒரு பகுதியும் குறையவில்லை. இருமி முடித்து அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வெகுநாளாகக் காத்திருந்த பேருந்து வந்தவர்போல எழுந்து நின்றார்.

"வீட்டுல விட்டது யார்கிட்ட இருக்கோ, அவர் வீட்டுக்குப் போகணும்," என்றார் கோல்காரர். "அதான் முறை."

"இவர் இல்ல, ஐயா. அவர்."

அதை அவர் கூடத்துக்குச் சொன்னார். கேட்டுக்கொண்டார்களாம்.

அமைச்சரின் நாற்காலி காலியாயிற்று. சொல் அதிலேயே தயாராக இருந்தது. அவள் புருஷனை ஓர் இடம் நகர்த்தி அதில் உட்காரவைத்தார்கள். நாக்கில் தண்ணீர் வைத்தார்கள். குவாபெனா, அமைச்சர் என்றார்கள். எல்லோருக்கும் வேலை சுலபமாக முடிந்ததில் திருப்தி. அவர் ஒருமுறை அஜோவாவைப் பார்த்தார். மனு கொண்டுவந்த தொகுதிக்காரியைப் பார்ப்பதுபோல, மிகவும் அன்பாகப் பார்த்தார்.

இருமியவரோடு திரும்பி வரும்போது நடை நீளவே இல்லை.

இப்போது அவள் வீட்டில் இருப்பவர் உயரம். ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் ரிப்பன் வெட்டுகிறார். ஆன்ட்டி டெடே உப்புக்கு வந்தால் பரிசீலிப்பதாகச் சொல்லி, மறுநாள் தருகிறார். முந்தியவரைவிட மரியாதையானவர் என்று தெருவில் ஒரு கட்சி. ஆணி அடிக்கத் தெரியாத மனிதன் என்று இன்னொரு கட்சி. கட்டிலில் எந்தப் பக்கம் படுக்க வேண்டுமென்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இவர் யாரென்று அஜோவாவும், இவள் யாரென்று அவரும் கேட்டிருக்கலாம். ஒருவருக்கொருவர் மரியாதை காரணமாகக் கேட்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் இருவரும் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மின்வெட்டைப் பற்றி அமைச்சர் பேசினார். நாட்டில் ஒரு வீடுகூட இனி இருட்டில் இருக்காது என்றார். அஜோவா கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"யார் இது?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"என் வீட்டுக்காரர்."

அவர் தலையாட்டினார். கொஞ்சநேரம் கவனமாகக் கேட்டார்.

"தடங்கலே இல்லாமப் பேசுறார்," என்றார்.

"ஆமா."

பிறகு பக்கத்தில் இருந்தவருக்குச் செருமல் வந்தது. அஜோவா கை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.