சுவரில் நாலு படம்

மூன்றாவது படத்தை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் படத்தை முந்தானைக்குள் மறைத்தாள். மாமியார் அதற்குள் வந்துவிட்டாளா? இல்லை, ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்தான், மறந்துவிட்ட கைபேசியை எடுக்கத் திரும்பியிருந்தார்.

அப்பா கூடத்தின் நடுவில் அந்தப் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டி அவருக்கு ரொம்பப் பெரிசு. முப்பது வருடம் பந்தயக் குதிரை ஓட்டிய குட்டை உடம்பு, கடைசிவரை ஐம்பது கிலோவைத் தாண்டவில்லை. குதிரை ஓட்டிய விஷயம்தான் மாமியாருக்குத் தெரியாது.

மாமியாரின் தம்பி ரேஸில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் காணாமல் போனவர். அந்த வீட்டில் குதிரை என்ற பேச்சே ஆகாது. பெண் பார்க்க வந்த அன்று டீச்சர் முந்திக்கொண்டு, "அப்பா கால்நடை ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஆமாங்க" என்றார். கணவருக்குப் பின்னால் தெரியவந்தது, அவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பொய்க்கு இருபத்தாறு வருடமாக மூன்று பேர் காவல்.

"அதையும் எடுக்கணுமா பாப்பா?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். ரேஸ் மைதானத்தில் குதிரை ஓட்டுகிறவர்களைச் சேணத்தோடு எடை போட்டவர். தராசு என்றே அவருக்குப் பெயராகிவிட்டது.

"அத்தை வர்ற நேரம் மாமா."

தராசு முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மொத்தம் நாலு படம். சின்ன வயதில் சோறு ஊட்டும்போது அப்பா அவற்றைக் காட்டித்தான் கதை சொல்வார். "ரேஸ் தொடங்க முதல்ல கொடி. கொடி இறங்குறதுக்குள்ள அவனவன் பாஞ்சிருவான், ஏகப்பட்ட தகராறு. அதனால குறுக்கே கயிறு கட்டினாங்க. அதுலயும் ஏமாத்தினானுங்க. அப்புறம் இரும்புக் கூண்டு, எல்லாக் கதவும் ஒரே நேரத்துல திறக்கும். கடைசியா, யார் ஜெயிச்சான்னு பார்க்க கேமரா."

"எதுக்குப்பா இத்தனை?"

"குதிரை நேராத்தான் ஓடும். மேல உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் இதெல்லாம்."

நாலாவது படத்தில் இரண்டு குதிரைகள் மூக்கோடு மூக்காக வந்தன. அவள் அதில் கை வைத்ததும் தராசு பேசினார்.

"கேமரா வச்ச முதல் வருஷம் அது. நடுவர் கண்ணால பார்த்துட்டு உங்கப்பன் ஜெயிச்சதா அறிவிச்சிட்டாரு. ஜனம் தோள்ல தூக்கியாச்சு. இவன் இறங்கிப் போய், 'மூக்களவு பின்னாடி இருந்தேன் சார், போட்டோவைக் கழுவிப் பாருங்க'ங்கிறான். தோத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டினவனை நான் வேற எங்கயும் பார்க்கல."

"தெரியும் மாமா."

படத்தை எடுத்தாள். பின்னால் சுவரில் பென்சிலால் 4 என்று எழுதியிருந்தது. சட்டத்தின் முதுகிலும் 4. மற்ற மூன்றையும் திருப்பினாள். 1, 2, 3. அழிய அழியத் திரும்ப எழுதிய எண்கள், கடைசியாக எழுதியதில் கை நடுங்கியிருந்தது.

"இது என்ன மாமா?"

"உன் மாமியார் வர்றப்பல்லாம் கழட்டுவான்ல. திருப்பி மாட்டும்போது வரிசை மாறிடக் கூடாதாம்."

அவள் ஒரு தடவைகூட அவரைக் கழற்றச் சொன்னதில்லை. மாமியாரோடு வரும்போதெல்லாம் சுவர் வெறுமையாக இருக்கும். நல்ல வேளை என்று நினைத்துக்கொள்வாள், அதோடு சரி. யார் கழற்றினார்கள், எப்போது மாட்டினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது தராசை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவள் திரும்ப மாட்டினாள். கொடி, கயிறு, கூண்டு. நாலாவதை மாட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் மாமியார் உள்ளே வந்துவிட்டாள். பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் சுவரைப் பார்த்தாள். கூண்டுக்குள் குதிரைமேல் குனிந்திருந்தது யார் முகம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அப்பா ரேஸ் குதிரை ஓட்டினவர், அத்தை. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

மாமியார் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க நாய்க்குக் காதுல சீழ் வச்சப்ப மருந்து எழுதிக் கொடுத்தாரே," என்றாள் மாமியார்.

"ம்."

"உடனே எழுதல. ரெண்டு நாள் கழிச்சு வீடு தேடி வந்து கொடுத்தாரு. யார்கிட்டப் போய்க் கேட்டாரோ."

மாமியார் நாலாவது படத்துக்குக் கிட்டே போனாள்.

"இதுல சம்பந்தி யாரு?"

"ரெண்டாவதா வர்றவர்."

மாமியார் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கால் நிக்கல. உட்கார ஏதாவது போடும்மா," என்றாள்.

சுவரோரம் எப்போதும் ஒரு ஸ்டூல் கிடக்கும். கூடத்தில் எதற்கு இது என்று எத்தனையோ முறை அப்பாவிடம் சலித்துக்கொண்டிருக்கிறாள். ஆணி அவளுக்கு நின்றபடியே எட்டியது, அப்பாவுக்கு எட்டாது. குனிந்து ஸ்டூலை இழுத்தாள். பலகையின் நடுவில் இரண்டு சின்னப் பாதங்களின் அளவுக்குச் சாயம் தேய்ந்து போயிருந்தது.